உஷார் சார் ஓடிபி சொல்ல மாட்டார்

இந்தக் கொள்ளைநோய்க் காலம் நமக்கு முகக்கவசம் கொடுத்தது, கைகழுவும் பழக்கம் கொடுத்தது, கூடவே இலவச இணைப்பாக ஒரு புது மனித இனத்தையும் கொடுத்தது. இந்த இனத்தைச் சேர்ந்தவர் கடைக்குப் போகப் பயந்து எல்லாவற்றையும் போனிலேயே வாங்குவார். போனில் வாங்குவதற்கும் பயந்து நடுங்குவார். ஆனால் வாங்குவதை மட்டும் நிறுத்தவே மாட்டார். விஞ்ஞானிகள் இன்னும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் நாங்கள் வைத்துவிட்டோம்: உஷார் சார்.

உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார், வேறு பெயரில். எங்களுடையவர் எனக்கு நேர் எதிர்வீடு. அவர் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவில் ஆறடி வராந்தா; இடைவெளி விடச் சொல்லி உத்தரவு வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிற ஆறடி. அவருக்கு ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி வேலை. இருபத்தாறு வருஷமாகச் சீட்டு இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விட்டதில்லை. ஒருமுறை முதலாளியே நேரில் வந்து ஸ்பேனர் கேட்டபோதும் சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கி, அந்தக் கையெழுத்தைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கொடுத்தாராம். இதை அவரே பெருமையாகச் சொல்வார். முதலாளி அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார். அவர் மனைவி சொல்வார்.

ஊரடங்கு வந்து, வேலை வீட்டுக்கு வந்ததும், சீட்டு கேட்க ஆள் இல்லாமல் மனுஷன் தவித்துப்போனார். அந்தத் தவிப்பு அப்படியே திருட்டுப் பயமாக மாறியது. காலையில் கண் விழித்ததும் குடியிருப்புக் குழுவில் முதல் செய்தி அவருடையதுதான். "எச்சரிக்கை!!!" என்று ஆரம்பிக்கும். ஒரு பெண் பார்சலைப் பிரித்தாள், போனில் இருந்த போட்டோவெல்லாம் போயிற்று. ஒருவர் தெரியாத நம்பருக்கு "ஹலோ" சொன்னார், சேமிப்பு மொத்தமும் அந்த ஒரு ஹலோவிலேயே கரைந்தது. எங்கே சார் நடந்தது, யாருக்கு நடந்தது என்று கேட்டால், "நமக்கு நடந்த அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்பார்.

மடிக்கணினியின் கேமராவுக்கு மேல் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டியிருக்கிறார். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோருக்கும் முகம் தெரியும், இவருக்கு மட்டும் பழுப்பு நிறம் தெரியும். புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் பதறிப்போய், "என்ன சார், அடி கிடி பட்டுடுச்சா?" என்று விசாரித்தாராம். போன் ஒட்டுக்கேட்கிறது என்பதால் வீட்டில் முக்கியமான விஷயங்களைத் துண்டுச்சீட்டில் எழுதித்தான் பேசுவார். முக்கியமான விஷயம் என்றால்? "மெத்தை வாங்கலாமா?" இதை எழுதிக் காட்டிவிட்டு, உடனே அதே போனை எடுத்து இரண்டு மணி நேரம் மெத்தை தேடுவார். மறுநாள் போன் முழுக்க மெத்தை விளம்பரம். "பாத்தியா, சீட்டையும் படிக்குது!" என்று மனைவியிடம் கிசுகிசுப்பார்.

பாஸ்வேர்டு? எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. முதலில் அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்று தினமும் அந்த இயந்திரம் இவரைக் கேட்கிறது, இவரும் தினமும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்.

இவ்வளவு பயந்தவர் ஆன்லைனில் ஒரு குண்டூசிகூட வாங்க மாட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் ஏமாந்தீர்கள். உட்கார்ந்த இடத்தில் முதுகு சொறிய ஒரு கை, அதற்கு உதிரியாக இன்னொரு கை, காய்ச்சல் பார்க்க நாலு கருவி, அந்த நாலும் நாலு விதமாகக் காட்டுவதால் எது சரி என்று பார்க்க ஐந்தாவது ஒன்று, வீட்டில் சைக்கிள் இல்லாவிட்டாலும் சைக்கிளைச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு கொக்கி, இருட்டில் ஒளிரும் செருப்பு, முட்டையை உடைக்காமல் உள்ளே பார்க்கும் விளக்கு என்று அந்த வராந்தாவில் வந்து இறங்காத பொருள் கிடையாது. வாங்குவதற்கு முன் பூதக்கண்ணாடி வைத்து எல்லா விமர்சனங்களையும் படிப்பார். நல்ல விமர்சனமா, கம்பெனி ஆள் எழுதியது. மோசமான விமர்சனமா, போட்டிக் கம்பெனி எழுதியது. வேண்டாம் என்று முடிவு செய்து போனைக் கீழே வைக்கப்போகும் நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்தில் வரும்: "இன்னும் இரண்டே உள்ளன." அவ்வளவுதான். திருடனாவது, ஹேக்கராவது! அந்த இரண்டில் ஒன்று வேறு யாருக்காவது போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டால் மற்ற பயங்களெல்லாம் கப்சிப்.

பணம் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கார்டு கொடுத்தால் திருடன், நோட்டு கொடுத்தால் கிருமி. பாவம், எந்தப் பக்கம் போவார்? கடைசியில் நோட்டையே சானிடைசரில் முக்கி, பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துக் கொடுத்தார். காற்றடித்த ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் தன் அதிர்ஷ்டத்தை நம்பமுடியாமல் வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்த பார்சலை மூன்று நாள் வெயிலில் போடுவார். பிறகு அதில் ஒட்டியிருக்கும் முகவரியைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டுவார். வெட்டிக் கை வலித்ததால் காகிதத்தை அரைக்கும் மிஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். அது முதன்முதலில் அரைத்தது அதனுடைய முகவரிச் சீட்டைத்தான். மறுநாள் அது ஓடாமல் நின்றபோது திருப்பி அனுப்ப வழியில்லை. சீட்டுதான் இல்லையே! சீட்டில்லாமல் எதையும் ஏற்க முடியாது என்று கம்பெனி சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் வீட்டில் அவருடன் மூன்று பேர் இருந்தார்கள். மனைவிக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊர் அடங்கினாலும் தண்ணீர் அடங்காது என்பதால் அந்த அம்மா தினமும் போய்த்தான் ஆக வேண்டும். உள்ளே போனால் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மற்ற இருவர் மனைவியின் அப்பாவும் அம்மாவும். அந்த மாமியாருக்குத்தான் நோய் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க யாரையும் விடவில்லை. அதற்குப் பதில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நர்ஸ் ஒருவர் மாமனாரின் போனுக்குக் கூப்பிட்டு, நோயாளியின் வாயருகே போனைப் பிடிப்பார். ஐந்து நிமிஷம். இந்த ஏற்பாட்டைச் சொல்வதற்கு முதல் நாள் நர்ஸ் கூப்பிட்டது உஷார் சார் நம்பருக்கு. அந்தப் பேச்சை வராந்தா முழுக்கக் கேட்டோம்.

"எந்த ஆஸ்பத்திரிங்க? முதல்ல பேஷன்ட் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

"நான் ஏம்மா சொல்லணும்? கூப்பிட்டது நீங்க. நீங்கதான் சொல்லணும்… என்னது, வெளியாளுங்ககிட்ட சொல்லக்கூடாதா? அப்ப நான் வெளியாளா? சரி, நான் யாருன்னு சொல்லுங்க… அதையும் நானே சொல்லணுமா? நல்லா இருக்கே கதை!"

இரண்டு பேரும் விதிமுறைப்படி வாயைத் திறக்காமல் பதினோரு நிமிஷம் பேசினார்கள். கடைசியில் அந்தப் பக்கம் பொறுமையிழந்து, பின்னாலிருந்த மாமியாரையே கத்தச் சொல்லியிருக்க வேண்டும். "மாப்ளே, நான்தாம்பா!" என்ற குரல் கேட்டதும்தான் உஷார் சார் இறங்கிவந்தார். அப்போதும், "குரலை மாத்திப் பேசறாங்களாம், எதுக்கும் பாத்துக்கலாம்" என்று முணுமுணுத்தபடிதான்.

மாமனாருக்கு, அதாவது நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிறவருக்கு, இரண்டு காதும் மந்தம். காதுக்குள் வைக்கும் கருவி இருந்தால் ஊசி விழுந்தாலும் கேட்கும். இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தக் கருவிக்குப் பொட்டு அளவில் ஒரு பேட்டரி, வாரம் ஒன்று தீரும். இருந்த கடைசிப் பேட்டரி ஒரு திங்கட்கிழமை தீர்ந்தது. கடைகளெல்லாம் மூடியாயிற்று. மகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டார், கணவரின் கணக்கில். விதி எங்கே போய் உட்கார்ந்தது பாருங்கள்.

அன்றும் நாலு மணிக்குப் போன் வந்தது. பெரியவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காவிட்டாலும் கேட்பதுபோல, "ம்… ம்… சரி சரி… நல்லது" என்று தலையாட்டினார். மருமகன் பக்கத்தில் நின்று கேட்டுச் சொல்லலாமே என்றால், பெரியவர் ஒப்பவில்லை. மாப்பிள்ளை கேட்கிற விஷயமா எல்லாம்? கேட்கவில்லை என்று தெரிந்தால் படுத்திருப்பவள் மனசு உடைந்துபோவாள் என்று அவளிடமும் அதை மறைத்தார். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

செவ்வாய்க்கிழமை பேட்டரி வந்தது. கொண்டுவந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். பள்ளி மூடியதும் பார்சலுக்கு வந்துவிட்டார்.

"சார், பார்சல்! ஓடிபி சொல்லுங்க."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "யாரு பேசறது?"

"பார்சல் சார்."

"பார்சல் பேசாது. நீங்க யாரு?"

"டெலிவரி சார். உங்க போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், பாருங்க."

"வந்திருக்கு. அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"சொன்னாத்தான் சார் மெஷின்ல போட முடியும்."

"அதானே! போடறதுக்குத்தானே எல்லாரும் அலையறீங்க."

"அந்த மெசேஜ்லயே எழுதியிருக்கும் சார், டெலிவரி பண்றவர்கிட்ட சொல்லுங்கன்னு."

"எழுதினது யாரு?"

"கம்பெனி சார்."

"நீங்க எந்தக் கம்பெனி?"

"அதே கம்பெனிதான் சார்."

"பாத்தீங்களா! அனுப்பறதும் நீங்களே, கேட்கிறதும் நீங்களே. யாருகிட்ட காது குத்தறீங்க?"

வேன்காரர் ஒரு நிமிஷம் பார்சலையே பார்த்தார். பிறகு கீழே போய்விட்டார். கால் மணி நேரத்தில் குடியிருப்புக் குழுவில் அறிவிப்பு: "இன்று மதியம் நம் குடியிருப்பில் ஓடிபி மோசடி ஒன்று முறியடிக்கப்பட்டது. இந்த நபரைப் பார்த்தால் கதவைத் திறக்காதீர்கள்." கூடவே கதவின் துவாரம் வழியாக எடுத்த போட்டோ. அந்தத் துவாரத்தில் பார்த்தால் யாருக்கும் முகம் பூசணிக்காய்போலத்தான் தெரியும். கீழே இருபத்து மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டியிருந்தார்கள். அதில் ஒரு விரல் என்னுடையது. நடந்ததையெல்லாம் நேரில் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் நான். ஆனாலும் குழுவில் எல்லோரும் விரலை உயர்த்தும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா?

சாயங்காலம் மனைவி வந்தார்.

"ஏங்க, அது அப்பாவோட பேட்டரிங்க!"

"பேட்டரின்னு அவன் சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லிடுவானா?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

புதன்கிழமை வேன்காரர் மறுபடி வந்தார். மனைவி காலையிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருந்ததால் உஷார் சார் கதவைத் திறந்தார், நாலு விரல்கடை அளவுக்கு. முதலில் அடையாள அட்டை. அட்டையில் இருந்தவருக்கு மீசை உண்டு. இவருக்கு இருக்கிறதா என்று பார்க்க முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கிருமி வரும். அதனால் உஷார் சார் கதவைச் சாத்திக்கொண்டு துவாரம் வழியாகப் பார்க்க, வேன்காரர் வராந்தாவில் கவசத்தைக் கழற்றி இடமும் வலமும் திரும்பி மீசையைக் காட்டினார். அப்பாடா, முடிந்தது என்று நான் நினைத்தேன்.

எங்கே முடியும்? ஸ்டோர்ஸில் எந்த அளவுகோலையும் மூன்று முறை சோதிக்காமல் உபயோகிக்கக் கூடாது என்பது இருபத்தாறு வருஷப் பழக்கம். உண்மையான டெலிவரிக்காரரின் மிஷின் தப்பான எண்ணை ஏற்காது அல்லவா? அதைச் சோதித்துவிட்டால் போயிற்று.

"எழுதிக்கங்க. நாலு, நாலு, ஒண்ணு, ஏழு."

வேன்காரர் அழுத்தினார். "தப்புன்னு காட்டுது சார்."

உஷார் சார் முகத்தில் திருப்தி. "சபாஷ். இப்ப இதைப் போடுங்க. ஒம்போது, பூஜ்யம், ரெண்டு, ரெண்டு."

"இதுவும் தப்பு சார்."

"சரியாத்தான் வேலை செய்யுது. இன்னும் ஒரே ஒரு தடவை…"

"சார், வேணாம் சார், மூணாவது தடவை…" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உஷார் சார் மூன்றாவது தப்பு எண்ணையும் சொல்லிவிட்டார். பழக்க தோஷத்தில் விரலும் அதை அழுத்திவிட்டது. மிஷின் ஒரு கூவல் கூவிவிட்டுச் சிவப்பாகியது.

"இப்ப நிஜ நம்பரைச் சொல்றேன்" என்றார் உஷார் சார் பெருந்தன்மையோடு.

"இனி எதைச் சொன்னாலும் ஏறாது சார். மூணு தப்பு ஆனா பூட்டிக்கும். நாளைக்குத்தான்."

"உள்ள இருக்கிறதைக் கொடுத்துட்டுப் போங்களேன். உங்களை நான் முழுசா நம்பிட்டேன்."

"நம்பர் இல்லாம கொடுத்தா என் வேலை போயிடும் சார்" என்றார் வேன்காரர். சீட்டில்லாமல் கொடுக்க மாட்டேன் என்று இன்னொரு மனிதர் சொல்லி உஷார் சார் கேட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான். வேன்காரர் படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "இருபது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினேன் சார். பெத்த பிள்ளைங்களையே கையில கொடுத்து அனுப்புவாங்க. ஒருத்தரும் அட்டை கேட்டதில்ல" என்றார். எனக்கு அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

அன்று நாலு மணிக்கும் பெரியவர் "ம்… சரி சரி… நல்லது" என்றார்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மகளுக்குப் போன். அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கூடிவிட்டது, சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுகிறோம், அங்கே போன் கிடையாது, பேச வேண்டியதை இன்று நாலு மணிக்குப் பேசிக்கொள்ளுங்கள். மகள் வேலைக்குக் கிளம்பும்போது அழவில்லை. கணவரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "இன்னிக்கும் அப்பா காதுல பேட்டரி இல்லேன்னா நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன்." அப்பாவுக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது.

உஷார் சாருக்கு அன்று மூன்றிலிருந்து நாலு வரை தொழிற்சாலையில் ஆன்லைன் உரை. நாற்பது பேர் கேட்கிறார்கள். தலைப்பைக் கேட்கிறீர்களா? "இணையத் திருட்டிலிருந்து நம்மைக் காத்துக்கொள்வது எப்படி." தள்ளிப்போடக் கூடாதா என்றால், வருஷக்கணக்காக அவரை யாரும் பேசக் கூப்பிட்டதில்லை. பார்சல் மணி அடித்தால் எழுந்து வந்துவிடுகிறேன் என்று போனை மேஜைமேல் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். அந்த ஹெட்போனைப் போட்டால் வெளிச்சத்தம் துளிகூடக் கேட்காது என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அதற்காகத்தான் வாங்கினார்.

பெரியவருக்கு மணி கேட்காது. மருமகனுக்கும் கேட்காது. அதனால் பெரியவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு மணிக்கே வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, நாற்காலியைப் போட்டுப் படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நானும் என் வாசலில் வந்து நின்றுகொண்டேன். இன்று ஏதாவது கலாட்டா ஆனால் நாமாவது வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம். வேன்காரர் தயங்கித் தயங்கிப் படியேறினார். பெரியவர் எழுந்து, வேன்காரர் கையிலிருந்த மிஷினைப் பார்த்தார், ஏதோ புரிந்ததுபோல நேராக ஹாலுக்குள் போனார். அங்கே உஷார் சார், "ஆகவே நண்பர்களே, உங்கள் கைபேசியை எந்தக் காரணத்துக்காகவும் இன்னொருவர் கையில்…" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெரியவர் அவர் மூக்குக்குக் கீழேயிருந்து போனை எடுத்தார்.

உஷார் சார் பேச்சை நிறுத்தாமல் கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார், கண்ணால் கெஞ்சினார், பாதி எழுந்தார், ஹெட்போன் வயர் இழுத்து உட்காரவைத்தது. பெரியவர் திரும்பி நின்று, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் கேட்கல மாப்ளே!"

வாசலுக்கு வந்து போனை அப்படியே வேன்காரர் கையில் கொடுத்துவிட்டார். திரையிலேயே அந்த நாலு எண்ணும் மின்னிக்கொண்டிருந்தது. வேன்காரர் பார்த்தார், அழுத்தினார், மிஷின் பச்சையாகியது. போனைத் தன் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் உறையைக் கிழித்துப் பொட்டுப் பேட்டரியையும் காதுக் கருவியையும் அவரிடமே நீட்டினார்; வேன்காரரே மேல் காகிதத்தை உரித்துக் கருவிக்குள் போட்டுக் கொடுத்தார். மூன்று நாளாகத் திருடன் என்று பெயர் வாங்கினவர் செய்த முதல் காரியம் இது. கருவி காதுக்குள் போனதும் பெரியவர் முகத்தைச் சுளித்தார். உள்ளே மருமகனின் உரை கேட்டிருக்கும்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. சத்தத்தை முழுதாகத் திருகிவைத்திருந்ததால் வராந்தாவுக்கே கேட்டது.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

"நிஜமாவா?"

"நல்லா கேக்குது. உன் பக்கத்துல ஏதோ மிஷின் கத்துதே, அதுகூடக் கேக்குது."



"அப்ப மூணு நாளா கேக்கலையா?"

பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "கேக்கல" என்றார்.

"நான் என்ன கேட்டேன் தெரியுமா? நான் செத்துடுவேனாங்கன்னு கேட்டேன். சரி சரி, நல்லதுன்னீங்க. நேத்தும் அதையேதான் கேட்டேன். நேத்தும் நல்லதுன்னுட்டீங்க."

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. நர்ஸ், போதும்மா, போதும்மா என்றது கேட்டது. பெரியவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்பக் கேளு."

"என்னத்த?"

"அதையேதான். இப்பக் கேளு, பதில் சொல்றேன்."

"நான் செத்துடுவேனாங்க?"

"மாட்டே. வாயை மூடிக்கிட்டு ஒழுங்கா வீடு வந்து சேரு."

வேன்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். ஹாலில் உஷார் சார் ஹெட்போனைக் கழற்றிவிட்டிருந்தார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். நாற்பது பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சானிடைசர் தெறித்துவிட்டது என்றார்.

இதற்கப்புறம் அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே குழுவில் புதுச் செய்தி வந்துவிட்டது: "எச்சரிக்கை!!! பூட்டிய போனிலும் ஓடிபி தெரியும். உடனே மறைத்துவையுங்கள்." வேன்காரரின் பூசணிக்காய் முகம் அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறது. நான் மட்டும் என் கட்டைவிரலை எடுத்துவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து, மாமியார் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புது நம்பரில் கூப்பிட்டார்கள். பெரியவரின் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. மகளின் போன் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. உஷார் சார், கேட்க வேண்டுமா, முதல் மணியிலேயே துண்டித்து அந்த நம்பரையே வரவிடாமல் செய்துவிட்டார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் நாலாவதாக ஒரு நம்பர் இருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மகள் எதிர்வீட்டு நம்பரை எழுதியிருந்தார். அதாவது என் நம்பரை.

எனக்கும் அந்தக் காலையில் ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் நான் காகிதம் அரைக்கும் மிஷின் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டே உள்ளன என்று சிவப்பில் போட்டிருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

மதியம் எதிர்வீட்டு மணி அடித்தது. துவாரம் வழியாகப் பார்த்தேன். கையில் ஒரு துணிப்பையோடு, பாதியாய் இளைத்து, அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து, "யாரு?"

"நான்தான் மாப்ளே."

"நான்தான்னா யாரு? இப்பல்லாம் குரலை மாத்தி…"

அவர் முடிக்கவில்லை. உள்ளே நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. இந்த முறை பெரியவருக்குக் காது கேட்டது. கதவு திறந்தது. அந்த அம்மா உள்ளே போவதற்கு முன் பொதுவாகச் சொன்னார்: "மூணு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். நாலு நம்பருக்குப் போட்டாங்களாம். ஒருத்தருக்கும் போகலையாம்." சொல்லிவிட்டு என் கதவின் துவாரத்தை ஒரு பார்வை பார்த்தார். இந்த மாதிரித் துவாரம் வழியாகப் பார்த்தால் எந்த முகமும் பூசணிக்காய்போலத் தெரியும் என்றேன் அல்லவா? அந்த முகம் அப்படித் தெரியவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். பார்சலில் முகவரியைக் கிழித்துப் போடுவது வெறும் சுத்தம். கேமராவில் ஒட்டியிருப்பது குழந்தை ஒட்டின ஸ்டிக்கர். சற்று முன்பு இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் போன் ஒருமுறை மினுங்கியது, தெரியாத நம்பர் என்று கவிழ்த்துவைத்தீர்களே, அதுகூட மோசடிக்காரனாகத்தான் இருக்கும். பத்தில் ஒன்பது அப்படித்தான். இருந்தாலும் எதற்கும் ஒருமுறை திருப்பிக் கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.

ஓடிபி கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.